கொழுந்துக் கூடையிலிருந்து கொழும்பு ஏலம் வரை



"நேத்து மூணாம் நம்பர் மலை, இன்னைக்கு ஏன் ஏழாம் நம்பர்?" "போன மாசம் ஞாயித்துக்கெழமையும் வேலை இருந்துச்சு, இந்த மாசம் ஏன் அரைப்பேர்?" இப்படிப் பெரட்டிலும் லயத்திலும் பலர் கேட்கிறார்கள். இவற்றுக்கெல்லாம் பின்னால் ஒரு திட்டம் இருக்கிறது. அதைத் துரையும் டீமேக்கரும் மட்டும் தெரிந்து வைத்திருந்தால் போதாது. திட்டம் பிசகினால் நட்டம் நம் வீட்டு அடுப்புக்கும் வருகிறது. ஆகவே அதை எல்லோரும் விளங்கிக்கொள்வது நல்லது.

எந்தப் பெக்டரிக்கும் மூலப்பொருள், ஆள், இயந்திரம், எரிபொருள், போக்குவரத்து, சந்தை என்ற ஆறும் சங்கிலியின் வளையங்கள் போல் இணைந்திருக்க வேண்டும். சீமெந்துப் பெக்டரியில் கல்லை ஒரு மாதம் குவித்து வைக்கலாம். தேயிலைப் பெக்டரியில் அது முடியாது. பறித்த கொழுந்து அன்றே மாடிக்கு ஏற வேண்டும். கொழுந்தைச் சேமித்து வைக்க முடியாது என்பதால்தான் இந்தத் திட்டம் கடினமாகிறது.

மலையில் தொடங்கும் கணக்கு

ஒரு மலையில் கொழுந்து எடுத்தபின் ஏறக்குறைய 7 நாளில் திரும்பவும் அதே மலைக்கு வர வேண்டும். குளிரும் வரட்சியும் உள்ள காலத்தில் இது நீளும். இதைத்தான் 'ரவுண்டு' என்கிறோம். ஆள் குறைந்து ரவுண்டு 12, 13 நாளாகிவிட்டால் கொழுந்து முத்திவிடும். அதன்பின் எவ்வளவு கவனமாகப் பறித்தாலும் இரண்டு இலையும் ஒரு அரும்பும் கிடைக்காது. கூடையில் முத்தல் இலை இருந்தால் பறித்தவரை மட்டும் குறை சொல்வது சரியல்ல. ரவுண்டு ஏன் தவறியது என்றும் பார்க்க வேண்டும்.

கவ்வாத்தும் இந்தத் திட்டத்தில் அடங்கும். கவ்வாத்து வெட்டிய மலையில் சில மாதங்களுக்குக் கொழுந்து கிடையாது. எல்லா மலையையும் ஒரே வருடத்தில் வெட்டினால் வேலை இல்லாமல் போகும். வெட்டாமல் விட்டால் செடி ஓய்ந்து போகும். ஆகவே ஒவ்வொரு வருடமும் ஒரு பகுதி என்று முறை வைக்கிறார்கள்.

மாடியில் இடம் உண்டா?

கொழுந்து காற்றில் வாடுவதற்குப் பெரும்பாலும் 12 முதல் 18 மணித்தியாலம் வேண்டும். பிறகு ரோலரில் அரைத்து, புளிக்க விட்டு, சூட்டில் உலர்த்தி, சலித்துத் தரம் பிரிக்கிறார்கள். ஒரு கிலோ தூளுக்கு ஏறக்குறைய நாலரை கிலோ பச்சைக் கொழுந்து தேவை. 100 பேர் ஆளுக்கு 18 கிலோ எடுத்தால் 1,800 கிலோ. அதிலிருந்து வருவது சுமார் 400 கிலோ தூள்தான்.

மாடியில் 6,000 கிலோ வாட்ட இடமுள்ள பெக்டரிக்கு 9,000 கிலோ வந்தால் என்ன செய்வது? கனமாகப் பரப்பினால் கொழுந்து சரியாக வாடாது. சாக்கிலேயே விட்டால் சூடேறிச் சிவந்துவிடும். மாறாக 2,000 கிலோ மட்டும் வந்தால் அதே விறகையும் மின்சாரத்தையும் செலவழித்துக் கொஞ்சத் தூளைத்தான் எடுக்கலாம். மழை பிடித்துக் கொழுந்து கொட்டும் ஏப்ரல், மே மாதங்களில் முதல் தொல்லை. மேற்கு மலைப்பக்கம் வரண்டு கிடக்கும் பெப்ரவரி, மார்ச் மாதங்களில் இரண்டாவது தொல்லை. ஞாயிறு வேலைக்கும் அரைப்பேருக்கும் இது ஒரு முக்கிய காரணம்.

ஏலத்தில் தெரியும் உண்மை

கொழும்புத் தேயிலை ஏலம் 1883 இல் தொடங்கியது. 2020 முதல் கணினி வழியாக நடக்கிறது. நம் தூளின் மாதிரியைச் சுவைத்துப் பார்த்துத்தான் விலை கேட்கிறார்கள். இன்று எடுத்த கொழுந்து தூளாகி, ஏலத்துக்குப் போய், காசாகித் திரும்பச் சில வாரங்கள் ஆகும். ஆகவே இன்று சாக்கில் நசுங்கிய கொழுந்தின் நட்டம் இன்றைக்குத் தெரியாது. பின்னால் விலையில் தெரியும்.

ஒரு வளையம் அறுந்தால்

2021 இல் இரசாயன உர இறக்குமதி நிறுத்தப்பட்டது. அந்த வருட இறுதிக்குள் தடை நீக்கப்பட்டாலும், செடி உடனே தேறவில்லை. 2022 இல் டீசல் தட்டுப்பாடும் மின்வெட்டும் சேர்ந்துகொண்டன. 2021 இல் சுமார் 299 மில்லியன் கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022 இல் சுமார் 251 மில்லியன் கிலோவாக விழுந்தது. உரம் போடும் திட்டம் எங்கோ ஒரு மேசையில் தவறியது. கூடையில் கிலோ குறைந்தது நமக்குத்தான்.

நாம் செய்யக்கூடியது

1. கூடையில் கொழுந்தை அமுக்காதீர்கள். மடுவத்தில் சாக்கை வெயிலில் வைக்காமல் நிழலில் வையுங்கள்.

2. கலியாணம், திருவிழா, சாவு வீடு என்று நல்லது கெட்டதுக்கு வர முடியாவிட்டால், முடிந்தவரை முதல் நாளே கங்காணியிடம் சொல்லுங்கள். பத்துப் பேர் சொல்லாமல் நின்றால் ஒரு மலை பின்தள்ளிப் போகும்.

3. மேலதிகக் கிலோ காசு வரும் மாதங்களில் கொஞ்சமாவது ஒதுக்கி வையுங்கள். வரண்ட மாதம் வருடா வருடம் வரும். அப்போது கடைக்கடன் ஏறாமல் இருக்கும்.

நாம் கேட்கக்கூடியது

இந்த மாதம் எந்த மலைக்குக் கவ்வாத்து? உரம் எப்போது வருகிறது? மடுவத்துக்கு லொறி நேரத்துக்கு வருமா? வேலை குறையும் மாதத்தில் புல்வெட்டு, கான் வெட்டு போன்ற வேலைகள் கிடைக்குமா? இவற்றைத் தலைவர் மூலம் நிர்வாகத்திடம் முன்கூட்டியே கேட்பதில் தப்பில்லை. லொறிக்கும் உரத்துக்கும் விறகுக்கும் திட்டமிடுவது நிர்வாகத்தின் கடமை. அதைத் தொழிலாளி தலையில் கட்ட முடியாது.

சங்கிலியின் முதல் வளையம் உங்கள் விரல் நுனியில் இருக்கிறது. மற்ற வளையங்களும் உறுதியாக இருக்கின்றனவா என்று கேட்க அதுவே உங்களுக்குள்ள உரிமை. தெரிந்துகொண்டு கேளுங்கள், பொறுமையாகக் கேளுங்கள், எல்லோரும் சேர்ந்து கேளுங்கள்.