காலைத் தொட்டுப் பார்க்கிறவர்

கிண்டி ரேஸ்கோர்ஸைப் பற்றி வருகிற செய்திகளில் நிலம் இருக்கும், பணம் இருக்கும், குதிரை இருக்காது. 160 ஏக்கர், 1945-இல் தொடங்கிய 99 ஆண்டுக் குத்தகை, ஆண்டுக்கு 614 ரூபாய்ச் சொச்சம் வாடகை, 730 கோடி பாக்கி, 2024 செப்டம்பரில் குத்தகை ரத்து, வாசலில் சீல், பிறகு நீதிமன்றம். இவ்வளவும் நமக்கு மனப்பாடம். அந்தச் சுவருக்குள் விடியற்காலையில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று கேட்டால், வேளச்சேரிப் பக்கம் ஐந்து பர்லாங் சாலையில் தினமும் வண்டி ஓட்டுகிறவருக்கும் தெரியாது. பர்லாங் என்பது பந்தயக்காரர்களின் அளவு, ஏறக்குறைய 200 மீட்டர் என்பதே பலருக்குப் புதுத் தகவலாக இருக்கும்.

எனக்கும் ஒன்றும் தெரியாமல்தான் இருந்தது. குத்தகை விவகாரம் வெடிப்பதற்குச் சில வருஷம் முன்னால், ஒரு டிசம்பர் மாதம், நண்பர் ஒருவர் சொல்லி ஒரு டிரெய்னரின் லாயத்துக்குப் போனேன். சின்ன லாயம், மொத்தம் பதினோரு குதிரைகள். "நாலரைக்கு வந்துடுங்க. அஞ்சு மணின்னா பாதி வேலை முடிஞ்சிருக்கும்" என்று போனில் சொல்லியிருந்தார்.

லாயம் என்றதும் சாண நெடிக்குத் தயாராகப் போயிருந்தேன். முகத்தில் வந்து அடித்தது ஈரக் கோணியும் வலித் தைலமும் கலந்த வாடை. கபடி ஆட்டக்காரர்கள் உட்காரும் பெஞ்சுக்குப் பக்கத்தில் நிற்பதுபோல இருந்தது. வரிசையாக அறைகள், பாதி உயரக் கதவுகள், அவற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் நீள முகங்கள். டிரெய்னருக்கு அறுபது தாண்டியிருக்கும். ஒவ்வொரு கதவருகிலும் நின்று, குதிரையைப் பார்க்காமல், பராமரிக்கும் ஆளிடம் ஒரே கேள்விதான் கேட்டார்: "தின்னுச்சா?"

அந்தப் பராமரிப்பாளருக்கு சைஸ் என்று பேர். அரபியில் பிறந்து இந்துஸ்தானி வழியாக நம் ரேஸ்கோர்ஸ் வரை வந்த சொல். இந்த லாயத்தில் இரண்டு குதிரைக்கு ஒரு சைஸ். அவர்களில் மூத்தவரை எல்லாரும் பாய் என்றே கூப்பிட்டார்கள். டிரெய்னர் அந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன்பிருந்தே அங்கே இருப்பவராம். ஆறாவது கதவில் அவர் நின்றிருந்தார். "ரெண்டு கைப்பிடி விட்டு வச்சிருக்கு சார்" என்று தீனித்தொட்டியைச் சாய்த்துக் காட்டினார். அடியில் கொஞ்சம் ஓட்ஸ் கிடந்தது. நம் வீட்டில் பிள்ளை ஒரு தோசையை மிச்சம் வைத்தால் இவ்வளவு பேர் கூடிப் பார்க்க மாட்டோம்.

அதற்குக் காரணம் இருக்கிறது. அவ்வளவு பெரிய உடம்புக்குக் குதிரையின் இரைப்பை மிகச் சின்னது, பத்துப் பதினைந்து லிட்டர்தான் கொள்ளும். நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மேய்வதற்கென்று அமைந்த வயிறு அது. உள்ளே உணவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். லாயத்தில் அடைத்து, வேளைக்குத் தானியம் போட்டு, வேகமாக ஓடவும் விட்டால் வயிற்றுப்புண் வருவது சர்வ சாதாரணம். போதாக்குறைக்குக் குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது மறுபக்கம்தான் வர வேண்டும். நடுவில் அடைத்துக்கொண்டால் வயிற்றுவலி உயிரையே வாங்கிவிடும். அதனால்தான் நாலைந்து வேளையாகப் பிரித்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தீனி.

"கொள்ளு போட மாட்டீங்களா?" என்று கேட்டேன். கொள்ளு என்றால் வாயைத் திறக்குமாம், கடிவாளம் என்றால் மூடிக்கொள்ளுமாம் என்று சொல்லிச் சொல்லி வளர்ந்த ஜாதி அல்லவா நாம். டிரெய்னர் சிரித்தார். "அதெல்லாம் எங்கப்பா காலம். இப்ப ஓட்ஸ், கொஞ்சம் தவிடு, லூசர்ன்." லூசர்ன் என்று அவர் சொன்ன பச்சைத் தீவனத்துக்கு நம் விவசாயிகள் வைத்திருக்கும் பேர் குதிரைமசால். கோயம்புத்தூர்ப் பக்கம் மாட்டுக்குப் போட்டாலும் பேரில் குதிரை இருக்கிறது.

தொட்டியைப் பார்த்து முடித்த பாய், குதிரைக்கு முன்னால் குந்தினார். மூன்று வயதுப் பெண் குதிரை, செம்பழுப்பு நிறம். பந்தயப் புத்தகத்தில் அதற்கு ஏதோ இங்கிலீஷ் பேர், லாயத்தில் குட்டி. முன்னங்காலின் பின்புறத்தில், முழங்காலுக்குக் கீழே, உள்ளங்கையை வைத்து மெல்லக் கீழே இறக்கினார். அடுத்த கால். திரும்பவும் முதல் கால். கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"எடது பக்கம் லேசா வெதுவெதுன்னு இருக்கு."

டிரெய்னரும் குந்திப் பார்த்தார். என்னையும் தொடச் சொன்னார்கள். இரண்டு காலும் எனக்கு ஒன்றாகத்தான் இருந்தன. காய்ச்சலா என்று பார்க்க ஒரே நெற்றியை அம்மாவும் அப்பாவும் மாறி மாறித் தொட்டு ஆளுக்கொன்று சொல்வார்களே, அப்படியாவது ஒரு சந்தேகம் வந்திருக்கலாம். அதுகூட வரவில்லை.

அந்தக் கையளவு இடத்தில்தான் இந்தத் தொழிலின் உயிர் இருக்கிறது. நாம் குதிரையின் முழங்கால் என்று சொல்வது உண்மையில் அதன் மணிக்கட்டு. குளம்பு என்பது நடுவிரலின் நகம். ஒவ்வொரு காலிலும் ஒற்றை விரல் நுனியில் நிற்கிற மிருகம் அது. மணிக்கட்டுக்குக் கீழே தசையே கிடையாது. எலும்பு, தோல், நடுவே கயிறுபோலத் தசைநாண்கள். லாயத்தில் அதை நரம்பு என்கிறார்கள். 450 கிலோ உடம்பு மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, ஒவ்வொரு பாய்ச்சலிலும் ஒரு கணம் மொத்தப் பாரமும் ஒரே முன்னங்காலில் இறங்கும். பாரம் என்றால் உடல் எடையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ரப்பர்போல நீண்டு சுருங்கும் தசைநாணின் உட்புறம் அந்த ஓட்டத்தில் 45 டிகிரி வரை சூடேறுகிறது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். அங்கே ரத்த ஓட்டம் குறைவு என்பதால் கிழிந்தால் ஆற ஒன்பது மாதம், ஒரு வருஷம்கூட ஆகும். ஆறினாலும் பழைய வலு வராது. கிழிவதற்கு முந்தைய எச்சரிக்கை பெரும்பாலும் இந்த வெதுவெதுப்பு மட்டும்தான். நொண்டுவதெல்லாம் அப்புறம்.

"இன்னைக்கு இதுக்கு ஒர்க் வேணாம் பாய். நடத்திட்டு, தண்ணி பிடிங்க" என்றார் டிரெய்னர். அந்த ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்துக்குக் குட்டியின் பேர் கொடுக்கப்பட்டிருந்தது. உரிமையாளருக்குப் போன் போட வேண்டும். ஆறு மணிக்கு மேல் பேசிக்கொள்ளலாம் என்று அதைத் தள்ளிப்போட்டதில், அது இனிமையான பேச்சாக இருக்கப்போவதில்லை என்று தெரிந்தது. பதினோரு குதிரை வைத்திருப்பவருக்கு ஒரு உரிமையாளர் கோபித்துக்கொண்டு இரண்டு குதிரையை வேறு லாயத்துக்கு மாற்றினாலே அந்த மாதச் சம்பளம் உதைக்கும்.

'ஒர்க்' என்று அவர்கள் சொல்வது வேக ஓட்டத்தை. பந்தயக் குதிரை தினமும் தலைதெறிக்க ஓடிப் பழகும் என்று நினைத்திருந்தேன். நாளில் இருபத்திரண்டு மணி நேரத்துக்கு மேல் அது அறைக்குள்தான் இருக்கிறது. வெளியே வரும் நேரத்திலும் பெரும்பகுதி நடை, கொஞ்சம் துள்ளு நடை, நிதானமான ஓட்டம். முழு வேகத்துக்குப் பக்கத்தில் போவது வாரத்துக்கு இரண்டு முறை, அதுவும் ஒரு நிமிஷம்போல. அதற்கு மேல் ஏன் இல்லை என்றால், உடம்பின் பாகங்கள் எல்லாம் ஒரே வேகத்தில் தயாராவதில்லை. இதயமும் தசையும் சில வாரங்களில் பழகிவிடும். எலும்புக்கு மாதக்கணக்கு வேண்டும். வேகத்தின் அதிர்வு பட்டால்தான் எலும்பு தன்னைக் கெட்டிப்படுத்திக்கொள்ளும். ஆனால் பழையதைக் கரைத்துப் புதிதாகக் கட்டும் இடைவெளியில் முன்பைவிடப் பலவீனமாக இருக்கும். அந்த நேரம் பார்த்து இன்னும் கொஞ்சம் விரட்டினால் விரிசல்தான். தன்னை ஓடச் சொல்லும் இதயத்துக்கு ஈடுகொடுக்காத கால்களோடு இளம் குதிரை இருக்கும் அந்த மாதங்களில், டிரெய்னரின் வேலை பெரும்பாலும் தடுப்பதுதான்.

இதில் வயதுக் கணக்கு வேறு. நம் நாட்டில் பந்தயக் குதிரைகளுக்கெல்லாம் பிறந்தநாள் ஜனவரி 1. ஏப்ரலில் பிறந்த குட்டிக்கும் வருகிற ஜனவரியில் ஒரு வயது முடிந்துவிடும், பால்குடி மறந்து சில மாதமே ஆகியிருந்தாலும். இரண்டு வயதுப் பந்தயத்தில் ஜனவரிக் குட்டியும் ஏப்ரல் குட்டியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். அந்த மூன்று மாத வித்தியாசத்தைப் பந்தயம் கட்டுகிறவர்கள் எத்தனை பேர் பார்க்கிறார்களோ.

ஐந்தேமுக்காலுக்கு டிராக்குக்குப் போனோம். காலைப் பயிற்சி மணல் தடத்தில். புல்தரை பந்தய நாளுக்கு. இருட்டு முழுக்க விலகவில்லை. மீனம்பாக்கத்தில் இறங்கப்போகும் விமானம் ஒன்று விளக்கோடு தாழ்ந்து போனது. எந்தக் குதிரையும் தலை தூக்கவில்லை. வேலியில் சிக்கிப் படபடத்த ஒரு பிளாஸ்டிக் பைக்கு மட்டும் இரண்டு குதிரைகள் பக்கவாட்டில் துள்ளின.

வேகமாக வரும் குதிரை கண்ணுக்குத் தெரியும் முன்னே காதுக்கு வந்துவிடுகிறது. குளம்புச் சத்தம் அல்ல, மூச்சு. துருத்தி ஊதுவதுபோல, தாளம் தப்பாமல். நாலுகால் பாய்ச்சலில் குதிரைக்கு ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சுதான், இரண்டும் பூட்டிக்கொண்டவை. வாயால் மூச்சு விடவும் அதற்கு வராது, மூக்கு மட்டுமே வழி. நிற்கும்போது நிமிஷத்துக்கு முப்பதுச் சொச்சம் துடிக்கும் இதயம் ஓட்டத்தில் 220-ஐத் தாண்டும். மண்ணீரல் சுருங்கி, சேமித்து வைத்திருக்கும் சிவப்பணுக்களை ரத்தத்தில் தள்ளிவிடும். இந்த அழுத்தத்தில் சில குதிரைகளுக்கு நுரையீரலின் நுண்குழாய்கள் வெடித்துவிடுகின்றன. மூக்கில் ரத்தம் தெரிந்தால் குறிப்பிட்ட காலத்துக்குப் பந்தயத்தில் விடமாட்டார்கள்.

டிரெய்னர் கையில் ஸ்டாப்வாட்ச் இருந்தது. 1,000 மீட்டருக்கு ஒரு நிமிஷம் எட்டு நொடி என்று குறித்துக்கொண்டார். ஆனால் அதைவிட அதிக நேரம், திரும்பி நடந்து வந்த குதிரையின் விலாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை நிமிஷத்தில் மூச்சு அடங்குகிறது என்று எண்ணுகிறாராம். கழுத்தும் தொடையிடுக்கும் சோப்பு போட்டதுபோல நுரைத்திருந்தன. குதிரை வியர்வையில் ஒரு புரதம் இருக்கிறது. அடர்ந்த ரோமத்தினூடே வியர்வை பரவ அது உதவும், உராய்ந்தால் நுரைக்கும். சென்னைப் புழுக்கத்தில் அந்த வியர்வை சீக்கிரம் காயாது என்பதால் வெயில் ஏறுவதற்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும். கோடையில் ஊட்டிக்குப் போனதும் இதனால்தான். ஏப்ரல் 14 வந்தால் ஊட்டி சீசன் தொடங்கும் என்பது நெடுநாள் வழக்கம். அந்த மைதானத்தையும் 2024-இல் அரசு எடுத்துக்கொண்டது.

அந்தக் குதிரையிலிருந்து இறங்கிய பையனுக்கு, ரைடிங் பாய் என்பார்கள், இருபத்துநாலு வயது. நேரே டீக்கடைப் பக்கம் போய்ச் சர்க்கரை இல்லாத டீ வாங்கினான். ஜாக்கி ஆக வேண்டும், ஐம்பது கிலோவைச் சுற்றியே இருக்க வேண்டும். நன்றாக ஓடும் குதிரைக்கு 60 கிலோ, சுமாரானதற்கு 50 என்று எடை ஏற்றித்தான் பெரும்பாலான பந்தயங்களைச் சமப்படுத்துகிறார்கள். ஆள் எடை போதாவிட்டால் சேணத்துணிப் பையில் ஈயத் தகடு வைக்கலாம். ஆள் கனத்துவிட்டால் வைக்க ஒன்றுமில்லை, வாய்ப்புதான் போகும். குதிரை இரண்டு கைப்பிடி மிச்சம் வைத்ததற்குக் கவலைப்பட்ட அதே லாயத்தில் இவன் அரை இட்லியைத் தள்ளி வைத்ததை யாரும் பொருட்படுத்தவில்லை.

இந்தக் குதிரைப் பந்தயத்தையே ஒழிக்க 1974-இல் தமிழ்நாடு அரசு சட்டம் கொண்டுவந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1996-இல், இது அதிர்ஷ்டத்தை நம்பிய சூதாட்டம் அல்ல, திறமை சார்ந்த விளையாட்டு என்று தீர்ப்பானது. குதிரையின் வம்சம், பயிற்சி, ஜாக்கியின் கைவரிசை, இவற்றை எடைபோடும் அறிவு என்று திறமைக்குப் பல கணக்கு அதில் உண்டு. எனக்கு அந்தத் தீர்ப்பில் முழுச் சம்மதம் இல்லை. ரேஸில் பணத்தை விட்டு, வீட்டையும் விற்ற ஒருவரின் பிள்ளைகளோடு படித்தவன் நான். டிக்கெட் வாங்கியபோது அவரிடம் எந்தத் திறமையும் இருந்ததாகத் தெரியவில்லை. பாயின் உள்ளங்கையில் இருப்பது திறமை என்றால் ஒப்புக்கொள்கிறேன். அது பந்தயப் புத்தகத்தில் அச்சாவதில்லை.

ஓடி முடித்த குதிரைகள் எங்கே போகும் என்றும் கேட்டேன். நல்ல வம்சமானால் இனவிருத்திப் பண்ணைக்கு, அமைதியான குணமானால் சவாரிப் பள்ளிக்கு. மற்றவற்றைப் பற்றி டிரெய்னர் சுருக்கமாகவே பேசினார். முன்பெல்லாம் சீரம் எடுக்கவும் கொடுப்பார்களாம். புனேயின் பூனாவாலா குடும்பம் தங்கள் பண்ணையின் வயதான குதிரைகளை மும்பை ஹாஃப்கின் நிறுவனத்துக்குக் கொடுத்துவந்தது. நாமே ஏன் செய்யக்கூடாது என்று யோசித்து 1966-இல் தொடங்கியதுதான் சீரம் இன்ஸ்டிடியூட். பாம்புக்கடிக்கு நாம் போட்டுக்கொள்ளும் மருந்தும் குதிரை ரத்தத்தில் உருவாவதே. அதற்கான விஷத்தில் பெரும்பங்கு தருவது கிண்டியிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில், வடநெம்மேலியில் இருக்கும் இருளர் கூட்டுறவுச் சங்கம்.

ஏழரைக்குக் கிளம்பினேன். குட்டியின் இடது முன்னங்காலில் ரப்பர் குழாயால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார் பாய். அரை மணி நேரமாக அதே இடத்தில், அதே குந்தல். குட்டி அவர் தலையில் கட்டியிருந்த துண்டை உதட்டால் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. டிரெய்னர் வேப்பமரத்தடியில் முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசினார். "இல்ல சார், டாக்டர் இன்னும் பார்க்கல… இல்ல, நொண்டல… பாய் சொன்னாரு."

மறுநாள் இங்கிலீஷ் பேப்பரின் விளையாட்டுப் பக்கத்தில், பொடி எழுத்தில், கிண்டியில் முந்தைய நாள் காலை எந்தக் குதிரை எத்தனை மீட்டரை எத்தனை நொடியில் ஓடியது என்ற பட்டியல் வந்திருந்தது. அது வருஷக்கணக்காக வருவதுதான், நான்தான் படித்ததில்லை. ஒரு நிமிஷம் எட்டு நொடிக் குதிரை அதில் இருந்தது. குட்டியின் பேரை இரண்டு தடவை தேடினேன், இல்லை.