தராசில் தொங்கிவிட்டு வா

"தம்பி, நீ எம்புட்டு வெயிட்டு?"

பேரிங் வண்டி செய்து தரச் சொல்லி மேல் லயத்து அண்ணனிடம் போய் நின்றபோது அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான். எனக்குத் தெரியவில்லை. "மடுவத்துல தராசுல தொங்கிட்டு வா" என்றார். பின்னேரக் கொழுந்து நிறுத்து முடியும்வரை காத்திருந்தேன். கணக்கப்பிள்ளையிடம் கெஞ்சி, கூடை மாட்டும் கொக்கியை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினேன். 28 கிலோ. மூச்சிரைக்க ஓடிவந்து சொன்னதும் அடுத்த கேள்வி வந்தது.

"எந்த ரோட்டுல விடப்போற?"

ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நடந்த கதை இது. லயம் என்றால் எங்கள் வீட்டு வரிசை, மடுவம் கொழுந்து நிறுக்கும் கொட்டகை. லொறிகளிலிருந்து கழற்றி எறிந்த பேரிங் மூன்று, ஒரு பலகை, முன்பக்கம் திருப்புவதற்கு ஒரு போல்ட்: பேரிங் வண்டி அவ்வளவுதான். மலைநாட்டில் மட்டுமல்ல, யாழ்ப்பாணத்திலும் தமிழ்நாட்டிலும் பிள்ளைகள் அதை ஓட்டியிருக்கிறார்கள். அங்கே பின்னாலிருந்து தள்ள ஒருவன் வேண்டும். எங்களுக்கு மலையே தள்ளிவிடும்.

இத்தனை ஆண்டு கழித்து ஒரு லோங்போர்ட் வாங்க நினைத்தேன். நின்றபடியே சரிவில் இறங்கிப் போகும் நீளமான சக்கரப் பலகை அது. கடையில் அடுக்கி வைத்திருப்பதை எடுக்க மனம் வரவில்லை. தனியாளாகப் பட்டறை வைத்துக் கையால் பலகை செய்யும் ஒருவருக்கு எழுதினேன். பதிலில் விலை இல்லை, நிறம் இல்லை. இரண்டு கேள்விகள் மட்டும் இருந்தன: உங்கள் எடை என்ன, எந்த வீதியில் ஓட்டப்போகிறீர்கள்? மேல் லயத்து அண்ணன் என் முன்னால் வந்து நின்றதுபோல் இருந்தது. இவர்கள் ஏன் இதையே கேட்கிறார்கள் என்று அப்போதுதான் யோசிக்கத் தொடங்கினேன்.

கொழுந்துத் தராசுக்குள் இருப்பது ஒரு சுருள் வில். 10 கிலோ மாட்டினால் ஓரளவு நீளும், 20 கிலோவுக்கு அதைப்போல் இரண்டு மடங்கு நீளும். இந்த ஒழுங்கு இருப்பதால்தான் முள் சரியான எண்ணைக் காட்டுகிறது. 17ஆம் நூற்றாண்டில் இராபர்ட் ஹூக் இதை விதியாக எழுதிவைத்தார். இரண்டு முனையிலும் தாங்கி நிற்கும் பலகையும் அதே மாதிரி ஒரு வில்தான். ஏறி நிற்பவரின் எடைக்கு ஏற்பத் தொய்கிறது. 28 கிலோ பையனைத் தாங்கி ஒரு விரற்கடை தொய்ந்த பலகை, 70 கிலோ ஆளைத் தாங்கினால் இரண்டரை விரற்கடை தொய்யும். வயிறு ரோட்டில் உரசும்.

அப்படியானால் பெரியவருக்குப் பலகை இரண்டரை மடங்கு தடிப்பாக வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். வேண்டியதில்லை. பலகையின் விறைப்பு அதன் தடிப்போடு சமமாக ஏறுவதில்லை; தடிப்பின் மூன்றாம் அடுக்கோடு ஏறுகிறது. தடிப்பை இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்கு. ஆகவே இரண்டரை மடங்கு எடைக்குத் தடிப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடினாலே போதும். 9 மில்லிமீட்டர் பலகை 12 ஆனால் காரியம் முடிந்தது. நீளத்துக்கும் இதே கணக்கு உண்டு, ஆனால் எதிர்ப்பக்கமாக. சக்கரங்களுக்கு இடையிலான தூரம் கால் பங்கு கூடினால் தொய்வு ஏறக்குறைய இரட்டிக்கும். சிறு பிசகும் மூன்று முறை பெருகிவிடுகிற இடத்தில் செய்பவர் வேலை செய்கிறார். அதனால்தான் எடையைக் குத்துமதிப்பாகச் சொல்லவிடாமல் என்னைத் தராசுக்கு அனுப்பினார் அண்ணன். சூத்திரம் அவருக்குத் தெரியாது. இரண்டு கல்லின்மேல் பலகையை வைத்து நடுவில் ஏறிக் குதித்துப் பார்ப்பார். அந்தச் சத்தத்திலேயே அவருக்கு விளங்கிவிடும்.

பலகைக்கு அவர் எடுத்தது ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், உடைந்து கிடந்த தேயிலைப் பெட்டி. இப்போது தேயிலை காகிதச் சாக்கில் போகிறது. அப்போது பிளைவுட் பெட்டியில் கப்பலேறியது. ஓரத்தில் தகரப் பட்டி, உள்ளே ஈரம் புகாமல் அலுமினியத் தாள். பக்கத் தட்டு நான்கைந்து மில்லிமீட்டர்தான் இருக்கும், ஒருவனைத் தாங்காது. மூன்று தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால்? தனித்தனியே கிடக்கும்வரை விறைப்பு மூன்று மடங்குதான். அப்பியாசக் கொப்பியை வளைத்துப் பாருங்கள், தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி ஓரம் படிக்கட்டாகிவிடும். ஒட்டிவிட்டால் வழுக்க வழியில்லை. மூன்றும் ஒரே பலகையாகின்றன, விறைப்பு 27 மடங்காகிறது. மரம் அதே மரம், எடையும் அதே எடை. நடுவில் ஒரு மயிரிழைப் பசைதான் மூன்றை இருபத்தேழாக்குகிறது. எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு இதில் வியப்பு தீர்வதில்லை.

எங்களுக்குப் பேரிங் தந்த லொறியே இதற்கு நேர்மாறான பாடத்தைத் தன் வயிற்றுக்கடியில் சுமந்திருந்தது. அதன் அச்சின்மேல் வில்தகடுகள் அடுக்கடுக்காக இருக்கும். அவற்றை ஒட்டுவதில்லை. வழுக்கவிட்டே வைத்திருப்பார்கள். குண்டும் குழியுமான பாதையில் துள்ளலை விழுங்க அங்கே வளைவு வேண்டும், பலகைக்கு விறைப்பு வேண்டும்.

தேயிலைப் பெட்டிக்குள்ளேயே இந்தப் பசை வித்தை முன்பே நடந்திருந்தது. விறகு பிளந்தவர்களுக்குத் தெரியும், மரம் நார்போன போக்கில் சட்டென்று பிளக்கும், குறுக்கே கோடரி இறங்காது. நார் ஓடும் திசையில் மரம் காட்டும் விறைப்பு, குறுக்குத் திசையில் காட்டுவதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் இருக்கக்கூடும். அதனால் மரத்தை மெல்லிய ஏடுகளாகச் சீவி, ஓர் ஏட்டின் நார் நெடுக்காகவும் அடுத்ததன் நார் குறுக்காகவும் வரும்படி ஒட்டினால் எந்தப் பக்கமும் எளிதில் பிளக்காத பலகை கிடைக்கும். எகிப்தில் சக்காராவின் படிப் பிரமிட்டுக்குள் ஆறு ஏடுகள் இப்படி ஒட்டிச் செய்த சவப்பெட்டி கிடைத்திருக்கிறது. வயது 4600 ஆண்டுகளுக்கு மேல்.

பிளைவுட்டைத் தொழிற்சாலைப் பொருளாக்கியதில் தேயிலைக்குப் பெரிய பங்கு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், இன்றைய எஸ்தோனியாவின் தாலின் நகரில் லூத்தர் என்ற ஆலை, ஈரம் தாங்கும் பசையால் பிர்ச் மர ஏடுகளை ஒட்டியது. அந்தத் தட்டுகளை வெனெஸ்டா என்ற இலண்டன் நிறுவனம் விற்றது. தேயிலைக்கும் றபருக்கும் அவை பெட்டிகளாயின. 1907இல் அந்தாட்டிக்காவுக்குப் புறப்பட்ட ஷாக்கிள்டன் தன் உணவுப் பொருட்களையும் வெனெஸ்டா பெட்டிகளில்தான் கட்டினார். 1908இல் அந்தக் குழுவினர் பனிக்கு நடுவே குடிசையில் 'அரோரா ஆஸ்திராலிஸ்' என்று ஒரு நூலை அச்சிட்டபோது, பெட்டிப் பலகைகளே அட்டைகளாயின. எங்கள் ஸ்டோரில் கிடந்த தட்டின் உறவினர்கள் அத்தனை தூரம் போயிருக்கிறார்கள்.

என் வண்டியை ஈரம் தோற்கடித்தது. ஆசாரியிடம் வாங்கிய வச்சிரத்தால் அண்ணன் மூன்று தட்டையும் ஒட்டி, மேலே அம்மிக்கல்லை ஏற்றி ஓர் இரவு வைத்திருந்தார். பிசகில்லாத வேலை. தென்மேல் பருவமழை தொடங்கி இரண்டு கிழமைக்குள் ஓரங்கள் வாய்பிளந்தன. வச்சிரம் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது. உலர்ந்தால் கல், நனைந்தால் மறுபடியும் கூழ். தட்டுகள் வழுக்கத் தொடங்கின, இருபத்தேழு மூன்றாகியது, வளைவு ஒன்றில் பலகை மடங்கி நான் தேயிலைச் செடிக்குள் போனேன். முழங்காலில் அந்தத் தழும்பு இருக்கிறது. லோங்போர்ட் செய்பவர் ஈரம் தாங்கும் பசையையோ எபொக்சியையோ எடுக்கிறார். சாதாரண ஸ்கேட்போர்ட்டில் மேப்பிள் ஏடு ஏழு, அவற்றில் இரண்டு பொதுவாகக் குறுக்கு நார். லோங்போர்ட்டில் மூங்கிலும் கண்ணாடி நாரும் சேர்வதுண்டு. ஏடுகளை ஒட்டும் அச்சில் வைத்து இறுக்கும்போதே பலகையின் நடுவை மேல்நோக்கி வில்லாக வளைத்துவிடுவதும் உண்டு. உங்கள் எடை ஏறியதும் அந்த வில் மட்டமாகும். அதற்கும் எடை தெரிந்தாக வேண்டும். வேறொருவர் ஏறினால் வளைவு மிஞ்சும், அல்லது தொய்யும்.

அண்ணன் கேட்ட கூலி ஐந்து ரூபாய், அதோடு அரைப் போத்தல் மண்ணெண்ணெய். பேரிங்கைக் கழுவத்தான் எண்ணெய். கறுப்புக் கிரீஸ் கரைந்து குண்டுகள் வெள்ளையாக மினுங்குவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். உள்ளே ஒரு வளையம், வெளியே ஒரு வளையம், நடுவில் உருளும் குண்டுகள். உரசலை உருளலாக மாற்றும் இந்த யோசனைக்கு, வண்டி அச்சுக்காக, 1794இல் வேல்ஸ் நாட்டு பிலிப் வோகன் காப்புரிமை பெற்றார். எங்கள் வண்டியில் வெளிவளையமே சக்கரம். இரும்பு நேராக ரோட்டில் ஓடும். சத்தம் மூன்று லயத்துக்குக் கேட்கும். லோங்போர்ட்டில் பேரிங் சக்கரத்துக்குள் ஒளிந்திருக்கிறது: குறுக்களவு 22 மில்லிமீட்டர், துளை 8, அகலம் 7. 2017இல் பிள்ளைகள் விரல்நுனியில் சுழற்றிய பம்பரத்தின் நடுவிலும் பெரும்பாலும் இதே அளவுதான்.

இரண்டாவது கேள்விக்கு இங்கேதான் விடை தொடங்குகிறது. இரும்புச் சக்கரம் ரோட்டைப் பிடிக்காது. சின்னக் கல் ஒன்று எதிர்ப்பட்டாலும் விழுங்காது, முட்டி நிற்கும். மேலே இருப்பவன் நிற்கமாட்டான். ஆரம்பகால ஸ்கேட்போர்ட்களும் இரும்பிலும் களிமண் கலவையிலும் ஓடியவைதான். 1970களின் தொடக்கத்தில் ஃபிராங்க் நாஸ்வர்தி என்ற அமெரிக்கர் பொலியுரித்தேன் சக்கரத்தைக் கொண்டுவந்தார். கல்மேல் ஏறும்போது அது உள்வாங்கி, கடந்ததும் பழைய உருவத்துக்குத் திரும்புகிறது. தார்ப்பரப்பின் சொரசொரப்புக்குள் பதிந்து பிடிக்கிறது. மழமழப்பான சீமெந்துத் தளத்துக்குச் சிறிய கடினச் சக்கரம், கரடுமுரடான மலைப்பாதைக்குப் பெரிய மென்மையான சக்கரம். வீதியைச் சொல்லாமல் சக்கரத்தைத் தேர முடியாது.

எங்கள் வண்டிக்கு மூன்று சக்கரம் இருந்ததும் ரோட்டைப் பார்த்துத்தான். மூன்று கல் அடுப்பு எந்த மேடுபள்ளத்திலும் ஆடாது. நாலாவது கல் வைத்தால் ஏதாவது ஒன்று தூக்கி நிற்கும். லோங்போர்ட்டுக்கு நாலு சக்கரம். பலகை கொஞ்சம் முறுகியும், அச்சுத் தாங்கிகளில் உள்ள மென்வளையங்கள் அமுங்கியும் கொடுப்பதால்தான் நாலும் தரையைத் தொடுகின்றன. அதே மென்வளையங்களே திருப்பும் வேலையையும் செய்கின்றன. இடப்பக்கம் சாய்ந்தால் முன் அச்சு இடமாகவும், பின் அச்சு அதற்கு எதிராகவும் திரும்புகிறது. கயிறில்லை, காலால் மிதிக்கும் கட்டையில்லை. உடம்பின் சாய்வே கடிவாளம். மென்வளையம் மிக இளகியிருந்தால் வேகத்தில் பலகை இடமும் வலமுமாக உதறத் தொடங்கும், நாம் திருத்தத் திருத்த உதறல் வளரும். சரிவு எத்தனை செங்குத்து என்று தெரிந்தால் செய்பவர் வளையத்தைக் கடினமாக்குவார்.

சரிவு தரும் வேகத்துக்கும் கணக்கு உண்டு. உரசலும் காற்றும் இல்லாவிட்டால் 10 மீட்டர் உயரம் இறங்கிய வண்டி மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம் எடுக்கும். ஒல்லியானவனும் பருத்தவனும் ஒரே வேகம். உண்மையில் காற்று தடுக்கிறது. பாரமானவரைத் தடுப்பது அதற்குக் கடினம், அவர் முந்திவிடுவார். நுவரெலியாவில் 1934இலிருந்து நடக்கும் மாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயத்தில் கார்கள் பெற்றோலை எரித்துத் தேயிலை மலைமேல் ஏறுகின்றன. எங்கள் பந்தயத்துக்கு எரிபொருளே ஏறி நடந்த கால்கள்தான். இறங்கும்போது அந்த உழைப்பெல்லாம் திரும்பி வரும், நிற்கும்போது எங்காவது போய்த் தொலைய வேண்டும். எங்களுக்கு பிரேக் என்பது பழைய செருப்பின் றபரை ஆணியடித்த ஒரு கட்டை. வண்டியும் நானுமாக 35 கிலோ, 10 மீட்டர் இறங்கி அந்த றபரால் நின்றால், அதிலும் ரோட்டிலும் பிறக்கும் சூடு இரண்டு தேக்கரண்டித் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். கேட்க அற்பம். ஆனால் றபர் புகைந்த வாசம் இன்னும் மூக்கில் இருக்கிறது.

பட்டறைக்காரருக்கு நான் எழுதி அனுப்பியது இது: எடை 70 கிலோ. ஸ்டோரிலிருந்து கீழ் லயம் வரை, முக்கால் கிலோமீட்டர். மூன்று வளைவு. நடுவில் தார், ஓரமெல்லாம் கல். காலையில் பனி ஈரம். இரண்டாவது வளைவில் எதிரே கொழுந்து லொறி வரும், அது திரும்பும்வரை கண்ணுக்குத் தெரியாது.

மூன்று நாளில் பதில் வந்தது. 80 மில்லிமீட்டர் சக்கரம், மென்மையானது. பலகையின் நடுவில் சிறிய வில். ரோட்டில் தேய்த்து நிறுத்தும் காலுக்குத் தடித்த அடிப்பாகம் உள்ள சப்பாத்து. கடைசி வரியில் ஒரு கேள்வி: லொறி எத்தனை மணிக்கு வரும்?

பின்னேரக் கொழுந்து நிறுத்து முடிந்ததும் என்று எழுதினேன்.