தலைவரும் கைவேலையும்

நமது சங்கங்கள் பலவற்றில் ஒரு காட்சியைக் காண்கிறோம். காரியதரிசியானவர் கணக்கையும் தாமே எழுதுகிறார்; துண்டுப் பிரசுரத்தையும் தாமே திருத்துகிறார்; கூட்டத்துக்குப் பெஞ்சு சுமப்பவரும் அவரே. அவருடைய உழைப்பைக் குறை கூறுவார் எவருமில்லை. ஆயினும் அவர் ஒரு வாரம் நோயாய்ப் படுத்தால் சங்கமும் உடன் படுத்துவிடுகிறது. இவ்வளவு உழைத்தும் அவர் தோல்வியுறுவதேன்?

கைவேலைக்கு இடையறாத பொழுது வேண்டும். மேற்பார்வைக்கோ, யார் எப்பொழுது வந்து கேட்பினும் செவிசாய்க்கும் மனம் வேண்டும். இரண்டையும் ஒருங்கே சுமப்பவர் தமக்கென்று மிகக் கடினமான பகுதியை எடுத்துக்கொள்கிறார். பிறகு அதற்குப் பொழுதின்றித் தவிக்கிறார். மற்றவர்கள் அவர் உத்தரவுக்காகக் காத்து நிற்கின்றனர். 'நானே செய்தால் விரைவில் முடியும்' என்பது அன்றைக்கு மெய்தான். ஆனால் மறுநாளும் அவரே செய்ய நேர்கிறது.

அப்படியாயின் தலைவர் கருவியைத் தொடவே கூடாதா? ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் இதற்கு விடை கூறும். 1960-ல் கொடைக்கானல் வானாராய்ச்சி நிலையத்தின் தலைமையை ஏற்ற வைனு பாப்பு, ஆராய்ச்சியைக் கைவிட்டு நாற்காலியோடு நின்றவரல்லர். காவலூரை அவர் தேர்ந்தெடுத்தார். கொடைக்கானலிலேயே செய்த 38 சென்டிமீட்டர் தூரதர்சினி 1968-ல் அங்கு வேலை தொடங்கிற்று. 1972-ல் ஜெர்மனியிலிருந்து வாங்கிய ஒரு மீட்டர் தூரதர்சினி வந்தது. அதனினும் பெரிதான 234 சென்டிமீட்டர் கருவியை நம் தேசத்திலேயே செய்துவிட வேண்டுமென்று அவர் துணிந்தார்.

அது முடியுமுன், 1982 ஆகஸ்டு 19-ந் தேதி, தமது 55-வது வயதில், ம்யூனிக் நகரில் அவர் காலமானார். வேலை நின்றதா? இல்லை. அவர் கூட்டிய நிபுணர்களும் தொழிலாளரும் அதனை முடித்தனர். 1986 ஜனவரி 6-ந் தேதி, அக்காலப் பிரதமர் ராஜீவ் காந்தி அக்கருவிக்கும் நிலையத்துக்கும் பாப்புவின் பெயரைச் சூட்டினார்.

ஆகவே தலைவர் கைவேலை செய்வது குற்றமன்று. அவர் கையின்றி வேலை நகராதபடி வைத்துக்கொள்வதே குற்றம். தலைவர் வேலையில் இறங்கட்டும். ஆனால் பிறர் காத்து நிற்கவேண்டாத பகுதியை எடுத்துக்கொள்ளட்டும். தாம் அறிந்த வித்தையை மற்றொருவருக்குக் கற்பிக்கட்டும். அவர் முதலில் பிழை செய்தால் பொறுக்கட்டும். நமது காரியதரிசிகள் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ளவேண்டிய கேள்வி ஒன்றே: நாளை நாம் இல்லையெனில் இந்த வேலை நடக்குமா?