புரோசசர் மாற்றப் போன கதை

“சித்தி, 700 வெள்ளி கொடுத்தா என் லேப்டாப்புல ஐ7 புரோசசர் மாட்டித் தர்றாராம். நாளைக்கே முன்பணம் கட்டச் சொல்றார்.”

அக்கா மகன் இதைச் சொன்னபோது இரவு மணி பத்து. காலை நிகழ்ச்சிக்காக நான் தூங்கப் போகும் நேரம். அவனுக்கு வயது 19, டிப்ளோமா படிக்கிறான். அந்த 700 வெள்ளி, விடுமுறையில் மாமாக் கடையில் மேசை துடைத்துச் சேர்த்தது. லேப்டாப் அக்கா தவணையில் வாங்கிக் கொடுத்தது. தவணை இன்னும் முடியவில்லை, அசைன்மெண்ட் எல்லாம் அதில்தான். ‘வெலோரண்ட்’ விளையாடும்போது படம் திக்கித் திக்கி வருகிறதாம், அதனால்தான் தோற்கிறானாம். தோற்பதற்கு அக்கா வேறொரு காரணம் சொன்னார். அதை எழுத வேண்டாம் என்று பையன் கேட்டுக்கொண்டான்.

அவன் ஆசையைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஊடகத் துறையில் படித்த காலத்தில் நானே இதைச் செய்திருக்கிறேன். என் லேப்டாப்பில் இருந்தது இண்டெல் ஐ3-4000எம். வீடியோ எடிட்டிங் நகரவே நகராது. பழைய ஐ7-4702எம்கியூ ஒன்றைத் தேடிப் பிடித்தேன். அடி மூடியைக் கழற்றி, விசிறியையும் செப்புக் குழாயையும் எடுத்துவிட்டு, சாக்கெட் ஓரத்தில் இருக்கும் சின்னத் திருகைத் திருப்பினால் போதும், சில்லு கையோடு வந்துவிடும். இரண்டுமே 37 வாட் என்பதால் பழைய விசிறியே சூட்டைத் தாங்கியது.

அந்த நான்காம் தலைமுறையோடு கதை முடிந்தது. ஐந்தாம் தலைமுறையிலிருந்து இண்டெல் லேப்டாப் சில்லுகள் மதர்போர்டிலேயே பற்றவைத்து வருகின்றன. அடியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பற்றாசு உருண்டைகள். கழற்ற வேண்டுமானால் சூடேற்றும் இயந்திரம் வேண்டும். கழற்றி வேறொன்றை வைத்தாலும் அந்த போர்டின் பயோஸ் அதை ஏற்க வேண்டும், மின்சுற்று ஈடுகொடுக்க வேண்டும். மேசைக் கணினிச் சில்லைப் பொருத்திய ஒரு சில கனமான மாடல்களை விட்டுவிட்டால், இன்று நம் வீடுகளில் இருக்கும் லேப்டாப்புகளுக்கு இதுதான் நிலை. 700 வெள்ளிக்கு ‘மாட்டித் தருகிறேன்’ என்பவர் எதை மாட்டப் போகிறார் என்று எனக்குப் புரியவில்லை. “முன்பணம் கட்டாதே. சனிக்கிழமை என்னோடு வா” என்றேன்.

புக்கிட் பிந்தாங் லோ யாட் பிளாசாவில் எனக்குப் பழக்கமான ஒரு சீனத் தொழில்நுட்பர் இருக்கிறார். மூடியைத் திறந்து கைவிளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, “தாக் போலே லா, அடிக்” என்றார். முடியாது தம்பி, அவ்வளவுதான். பையன் முகம் வாடிவிட்டது.

ஆனால் அவர் விளக்கை அணைக்கவில்லை. பக்கத்தில் இருந்த காலி இடத்தைக் காட்டினார். ரேம் பொருத்த இரண்டு இடங்கள், ஒன்றில்தான் 8 ஜிபி இருந்தது. பையனுடையது ஐ5-1135ஜி7. தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது, புரோசசருக்குள் இருக்கும் ‘ஐரிஸ் எக்ஸ்இ’தான் படம் வரைகிறது. அதற்கென்று சொந்த நினைவகம் இல்லாததால் ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்ளும். ஒற்றை ரேம் ஒற்றை வழிச் சாலை மாதிரி. இரண்டு போட்டால்தான் இரு வழியும் திறக்கும். ஒற்றை ரேமோடு ஓடும்போது விண்டோஸ் அதை ‘ஐரிஸ்’ என்றுகூடக் காட்டாது, வெறும் ‘யூஎச்டி’ என்றே காட்டும். காசு கொடுத்து வாங்கியதில் ஒரு பகுதி இத்தனை நாளாகத் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது!

உங்கள் வீட்டு விண்டோஸ் லேப்டாப்பிலும் பார்க்கலாம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பக்கத்தில் ‘மெமரி’யைத் தொட்டால் எத்தனை இடம் இருக்கிறது, எத்தனை நிரம்பியிருக்கிறது என்று தெரியும். சில மெல்லிய மாடல்களில் ரேமையும் பற்றவைத்துவிடுகிறார்கள். வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து விசிறி. உள்ளே பஞ்சு மாதிரித் தூசி. பையன் மெத்தையில் வைத்து விளையாடுகிறவன், காற்று நுழையும் துளைகளை மெத்தையே அடைத்துவிடும். புரோசசர் 100 டிகிரியை நெருங்கினால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முதல் அரை மணி நேரம் நன்றாக ஓடி அப்புறம் திக்குவதன் ரகசியம் இதுதான். தூசியைத் துடைத்து, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை வழித்துவிட்டுப் புதிதாகத் தடவினார். இன்னொரு 8 ஜிபி ரேமும் சேர்த்து 200 வெள்ளிக்குள் வேலை முடிந்தது.

அன்று இரவு விளையாட்டின் ஓரத்தில் தெரியும் எண்ணைப் படம் பிடித்து அனுப்பினான். 60ஐ ஒட்டித் தடுமாறியது, இப்போது 90க்குக் கீழே இறங்கவில்லை. புதிய கனமான விளையாட்டுகளுக்கு இது போதாது, தனி கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும் என்பதையும் சொல்லிவைத்தேன். அந்த கார்டையும் பெரும்பாலான லேப்டாப்புகளில் மாற்ற முடியாது.

“அப்போ டெஸ்க்டாப் வாங்கிடலாமா சித்தி?” என்றான். மீதி 500 இருக்கிறதல்லவா! யோசனை மோசமில்லை. மேசைக் கணினியில் சாக்கெட் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் வந்தது 2016இல். 2022இல்கூட அதே சாக்கெட்டுக்குப் புதிய ரைசன் வந்தது. ஆசை வந்தால் மாற்றிக்கொண்டே போகலாம்.

வீட்டில் அதற்கு மேசை எங்கே போடுவது என்று அக்கா கேட்கிறார். அவன் இன்னும் பதில் சொல்லவில்லை.