மின்துவிச்சக்கர வண்டி: எவர்க்கு எது ஏற்றது?

துவிச்சக்கர வண்டி யாழ்ப்பாணத்தார்க்குப் புதிதன்று. 1990களில் எரிபொருள் தடைப்பட்டிருந்த காலத்தில் விறகும் நெல்மூடையும் நோயாளரும் அதன்மீதே சென்றதைப் பழைய மாணவர் மறந்திரார். 2022இல் எரிபொருள் நிலையங்களின் முன் வரிசைகள் நீண்டபோதும் அதனையே நாடினோம். இன்று அவ்வண்டி மின்வலுப் பெற்று வந்துள்ளது. “எது சிறந்தது?” என அன்பர் பலர் வினவுகின்றனர். “எத்தேவைக்கு எது சிறந்தது?” என வினவுதலே முறையாகும்.

முதற்கண் அதன் இயல்பை அறிவோம். மிதிக்கும்போது மோட்டர் துணைபுரியும் வண்டியை 1993இல் யப்பானின் யமகா நிறுவனம் விற்பனைக்குக் கொணர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இத்தகைய வண்டியின் மோட்டர் 250 உவாற்றுக்கு மேற்படலாகாது; மணிக்கு 25 கிலோமீற்றரில் துணை நின்றுவிடல் வேண்டும். 36 உவோற்று, 10 அம்பியர்-மணி மின்கலத்தில் 360 உவாற்று-மணிச் சக்தி உண்டு. சமதரையில் மிதித்துச் செல்வோர்க்குக் கிலோமீற்றருக்குப் பத்து உவாற்று-மணியளவு செலவாகுமெனக் கொண்டால், 36 கிலோமீற்றர் செல்லலாம். பாரமும் எதிர்காற்றும் இதனைக் குறைக்கும்.

நாடோறும் தொழிலுக்குச் செல்வார்க்குப் பாரங்குறைந்த வண்டியே ஏற்றது. மின்கலம் தீர்ந்தாலும் மிதித்து வீடு சேரலாமன்றோ! எமது சமதரைக்குச் சில்லின் நடுவே மோட்டர் பொருந்தியது போதும். கண்டி போன்ற மலைநாட்டிற்கு மிதியச்சில் மோட்டருள்ளதே நன்று. அது பற்சில்லுகளின் பயனைப் பெற்று ஏற்றத்தை எளிதாக்கும்.

பிள்ளைகளை ஏற்றுவோர் வேகத்தைக் கருதாது உறுதியைக் கருதுக. யப்பானிலே 2009இல், அதற்கென அமைந்த வண்டியில் இரு சிறு பிள்ளைகளை ஏற்றிச் செல்ல இடமளிக்கப்பட்டது. அவ்வண்டிகளிற் சில்லுகள் சிறியன. ஆதலின் பாரம் தாழ்ந்து நிற்கும். அகன்ற இருகால் தாங்கியும், இருக்கைப் பட்டியும், பிள்ளையின் கால் சில்லிற் சிக்காத மறைப்பும் இன்றியமையாதன.

சரக்கேற்றுவார்க்கு நீண்ட சட்டம் வேண்டும். டென்மார்க்கில் முன்புறம் பெட்டி கொண்ட வண்டிகள் நெடுங்காலமாக வழங்குகின்றன. பெட்டி தாழ்ந்திருப்பதாற் பாரம் ஆட்டங்கொடாது. சட்டம் தாங்கும் நிறையைக் கணக்கிடும்போது ஓட்டுநரின் நிறையையும் கூட்டுதல் வேண்டும்.

இங்கு எம் பிழையையும் கூறுதல் கடன். பழைய வண்டியொன்றிற்கு மோட்டர் பூட்டி, அரிசி மூடையைக் கரியரிற் கட்டி, மாரிமழையிற் புறப்பட்டோம். சந்தியிலே பிறேக்கை அழுத்தியும் வண்டி நிற்கவில்லை. வேலியே எம்மைத் தாங்கிற்று. பின்னரே எண்ணிப் பார்த்தோம்: வேகம் 15இலிருந்து 25 ஆகும்போது, பிறேக்குத் தணிக்கவேண்டிய சக்தி ஏறக்குறைய மூன்று மடங்காகின்றது. மாணவர்க்குப் பலகால் கற்பிக்கப்படும் இக்கணக்கை யாம் வீதியிற் கற்றோம். ஆதலின் மோட்டரை வினவுமுன் பிறேக்கை வினவுக. பாரமேற்றுவோர் வட்டத்தகட்டுப் பிறேக்கையே தேர்க.

மின்கலத்தை அதற்குரிய மின்னேற்றியாலன்றி ஏற்றற்க. உறங்குமிடத்திலும் வாயிற்படியிலும் வைத்து ஏற்றற்க. வீங்கியதை உடனே விலக்குக.

காலையிற் கல்லூரிப் படலையை நோக்கிப் பிள்ளைகளோடு வரும் பெற்றார் பலர். அவர்தம் கைப்பொருள் சிறிது. ஏற்றி வருவதோ விலைமதிப்பற்றது. தேவையறிந்து வாங்குவாராயின் இப்புதுவண்டி அவர்க்கு நற்றுணையாகும்.