செய்தி வேறு, விளம்பரம் வேறு

புதிதாகத் தொழில் தொடங்கும் நம் பிள்ளைகள், "பேப்பரில் போட எவ்வளவு ஆகும்?" என்று நம்மிடம் கேட்கிறார்கள். காசு விளம்பரத்துக்குத்தான். செய்திக்குச் சொல்ல ஒரு விஷயம் இருந்தால் போதும்.

வயநாட்டுக்காரர் பி.சி. முஸ்தபா, உறவினர்களோடு 2005-இல் பெங்களூரில் இட்லி, தோசை மாவு விற்கத் தொடங்கினார். 'ஐடி' மாவு அதுதான். மாவு விற்பதெல்லாம் ஒரு செய்தியா? ஆனால், பின்னாளில் குடியிருப்புகளில் ஆளில்லாத குளிர்பெட்டிகளை வைத்தார்கள். பாக்கெட்டை எடுப்பவரே காசைப் போட்டுவிட்டுப் போகவேண்டும். அது செய்தியானது. கூலித் தொழிலாளியின் மகன், ஆறாம் வகுப்பில் தோற்றவர் என்ற அவருடைய கதையும் செய்தியானது. 2021-இல் மாவில் மாட்டெலும்பு கலப்பதாக வதந்தி கிளம்பியபோது, நிறுவனத்தின் மறுப்பும் பத்திரிகைகளில் வந்தது.

திண்டிவனத்தில் தொடங்குபவர் முதலில் உள்ளூர் நிருபரைப் பாருங்கள். யாருடைய எந்தச் சிரமம் உங்களால் தீர்கிறது என்பதை ஒரே பக்கத்தில் எழுதி, நல்ல போட்டோவும் செல் நம்பரும் சேர்த்துக் கொடுங்கள். "இந்தியாவிலேயே முதல்முறை" என்றெல்லாம் வேண்டாம். உணவுத் தொழில் என்றால் லைசென்ஸ் கையில் இருக்கட்டும். அதைத்தான் முதலில் கேட்பார்கள். செய்தி போடப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். எழுத வராதவர்கள் அஸருக்குப் பிறகு அலுவலகத்துக்கு வாருங்கள், சேர்ந்தே எழுதுவோம்.