ஆட்டோ மேல் ஒரு வீடு

ஆறடிக்கு ஆறடி. மொத்தம் 36 சதுர அடி. அதற்குள் படுக்கை, சமையலறை, குளியலறை, கழிப்பறை, வேலை செய்ய இடம் எல்லாமே அடக்கம். நாமக்கல் மாவட்டத்துக் கட்டடக்கலை இளைஞர் அருண் பிரபு பழைய ஆட்டோ ஒன்றின் மேல் கட்டிய வீடு இது. 2020-ல் நாடெங்கும் பேசப்பட்டது.

அகலத்துக்கு வழியில்லை, எனவே உயரம் கைகொடுத்தது. ஏணியில் ஏறினால் கூரை மேல் நிழலுடன் உட்காருமிடம். 250 லிட்டர் தண்ணீர்த் தொட்டியும் 600 வாட் சூரியத் தகடும் உண்டு. ஆறு போல்ட்டுகளைக் கழற்றினால் வீடு வேறு, ஆட்டோ வேறு.

செலவு சுமார் ஒரு லட்ச ரூபாய். இடித்த கட்டடங்களின் பொருள்களும் உதவின.

இது வெறும் வேடிக்கையல்ல. சென்னை, மும்பைக் குடிசைப் பகுதிகளைப் பார்த்துப் பிறந்த யோசனை. 36 சதுர அடியிலேயே கழிப்பறைக்கு இடமுண்டு. கொல்கத்தா பஸ்திகளில் மட்டும் பல குடும்பங்கள் ஒரே கழிப்பறைக்கு ஏன் காத்திருக்க வேண்டும்?